ஓசுமோ-சானும் நானும் ஒரே ஷிஃப்டில்

எங்கள் ஊரில் சுமோ என்றால் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் டாடா வண்டிதான். திண்டுக்கல்லில் நர்சிங் முடித்து, ஜப்பானிய மொழித் தேர்வு எழுதி, டோக்கியோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும் எனக்குத் தெரிந்த சுமோ அவ்வளவுதான். முதல் நாள் எனக்கு வேலை சொல்லித்தர வந்தவர் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். அங்கிருந்த பாட்டிகள் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாருக்கும் அவர் ‘ஓசுமோ-சான்’. பதினைந்து வயதில் ஜப்பானிய மல்யுத்தமான சுமோவுக்குப் போய், முப்பத்திரண்டில் வெளியே வந்தவர்.

மூன்றாவது வாரமே எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிலில் இருப்பவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றுவதுதான் இந்த வேலையில் பாதி. நான் கை பலத்தில் தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பேசாமல் பார்த்துவிட்டு, “கையால் தூக்காதே, இடுப்பை இறக்கு” என்றார். கால்களை அகட்டி, முதுகு வளையாமல் இடுப்பை மட்டும் கீழே கொண்டுபோனார். பாட்டியின் நெஞ்சைத் தன் நெஞ்சோடு அணைத்தார். அப்புறம் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்தபடியே அரை வட்டம் திரும்பினார். தூக்கிய மாதிரியே தெரியவில்லை. பாட்டி தானே எழுந்துபோய் உட்கார்ந்தது போல இருந்தது. அந்தத் தேய்ப்பு நடைக்குச் சுரியாஷி என்று பெயர். களிமண் மேடையில் பாதம் தரையை விட்டால் எதிராளி தள்ளிவிடுவான். விடிவதற்கு முன்னால், வெறும் வயிற்றோடு, பதினேழு வருடம் பழகிய நடை. டயப்பர் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டோர் ரூமில் எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். இடுப்பு வலி போயிற்று, முட்டி வலி வந்தது. சரி, அதுவும் பிறகு பழகிவிட்டது.

ஒரு நைட் ஷிஃப்டில், மணி மூன்று இருக்கும், “அங்கே நிறைய சம்பாதித்திருப்பீர்களே” என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். சுமோவில் ஆறு படிகள். மொத்தம் 600 பேர் வரை இருப்பார்கள். மேலே உள்ள இரண்டு படிகளில் இருக்கும் 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். அதில் கீழ்ப்படியான ஜூரியோவுக்கு மாதம் 11 லட்சம் யென், உச்சியில் நிற்கும் யோகோசுனாவுக்கு 30 லட்சம். மற்றவர்களுக்குப் பயிற்சிக்கூடத்தில் சோறும் படுக்க இடமும் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டி நடக்கும்போது ஒரு படித்தொகையும் வரும். ஜூரியோவுக்கு அடுத்த கீழ்ப்படி மகுஷிதா. அங்கே அந்தத் தொகை 1,65,000 யென். நான் ஒரே மாதத்தில் வாங்குவது அதைவிட அதிகம். இவர் நான்கு வருடம் மகுஷிதாவில் இருந்தார், அதற்கு மேல் ஏறவேயில்லை. மகுஷிதாவின் முதல் ஆளுக்கும் ஜூரியோவின் கடைசி ஆளுக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வாழ்க்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எனக்கு அப்ரைசல் வருடத்துக்கு ஒன்று. அவர்களுக்கு ஆறு. சம்பளமில்லாத படிகளில் ஒரு போட்டிக்கு ஏழு மோதல், நான்கு ஜெயித்தால் ஏற்றம், நான்கு தோற்றால் இறக்கம். ஒவ்வொரு மோதலும் சில நொடிதான். முடிவு, தூரிகையால் கையெழுத்தில் எழுதி அச்சடித்த பன்சுகே என்கிற தாளில் வரும். மேலே இருப்பவர் பெயர் தடியாக இருக்கும். கீழே போகப்போக எழுத்து மெலிந்துகொண்டே போய், கடைசிப் படியில் இருப்பவர்களுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்றே பட்டப்பெயர். இவருடைய பெயர் முதன்முதலாக வந்த தாளை இவர் அம்மா நிஜமாகவே பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேடினாராம்.

“இங்கே குளிப்பாட்டுவது, மலம் துடைப்பது எல்லாம் கஷ்டமாக இல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன். “பத்து வருடம் முதுகு தேய்த்திருக்கிறேன்” என்றார். சம்பளம் இல்லாதவர்கள் சம்பளம் வாங்குபவருக்குப் பணிவிடை செய்ய வேண்டும். அதற்கு ட்சுகெபிதோ என்று பெயர். இடுப்புக் கச்சையைக் கட்டிவிடுவது, மெத்தையைச் சுமந்து போவது, துணி துவைப்பது, குளியலில் முதுகு தேய்ப்பது. இவர் பணிவிடை செய்த வீரர் இவரைவிட ஆறு வயது இளையவர். கோபம் வராதா என்றேன். வரும் என்றார். ஆனால் ஒருவர் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னால் துண்டை நீட்டப் பழகியதும் அங்கேதான் என்றார். எங்கள் இல்லத்தில் பக்கவாதத்தில் பேச்சு போன ஒரு தாத்தா இருக்கிறார். அவருக்குப் பாத்ரூம் போக வேண்டுமென்று தோள் லேசாகச் சாய்வதை வைத்தே இவர் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு ஒன்றரை வருடம் ஆகியும் பாதி நாள் தப்புகிறது.

முட்டியில் அடிபட்டதுதான் முடிவு. பொதுப் போட்டியில் காயம்பட்டவரின் இடத்தைக் காப்பாற்ற முன்பு ஓர் ஏற்பாடு இருந்தது. 2004இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆடவில்லை என்றால் படி இறங்கும். டெருனோஃபுஜி என்ற வீரர் இரண்டாவது உயர்ந்த பட்டமான ஓசேகியிலிருந்து, முட்டி வலியாலும் நோயாலும் கீழிருந்து இரண்டாவது படி வரை விழுந்து, 2021இல் யோகோசுனாவாக எழுந்தார். யாராவது இவர் முன்னால் அந்தக் கதையை எடுத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்படி ஏறியவர் அவருக்கு முன் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? சுமோ சங்கத்திலேயே ஆசானாகத் தங்க 105 இடங்கள்தான். அதுவும் மேல்படியில் ஆடியவர்களுக்கு. இவர் குடுமியை வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். இங்கே நேர்காணலில் என்ன தெரியும் என்று கேட்டதற்கு, “சாங்கோ சமைப்பேன், முதுகு தேய்ப்பேன்” என்றாராம். சாங்கோ என்பது சுமோ வீரர்களின் சாப்பாடு.

சுமோவில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பெண்கள் அந்த மேடையில் கால் வைக்கக் கூடாது. 2018இல் கியோட்டோ பக்கம் மைஸுருவில் ஒரு மேயர் மேடையில் மயங்கி விழுந்தார். ஓடிப்போய் நெஞ்சை அழுத்தி உயிர் காத்துக்கொண்டிருந்த பெண்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சங்கத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஓசுமோ-சானிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

போன குளிர்காலத்தில் குளியலறையில் ஒரு சம்பவம். எண்பத்தெட்டு வயது தாத்தா, பழைய தச்சர், சுமோ என்றால் உயிர். சோப்பு நுரையில் கால் வழுக்கியது. பிடிக்க நேரமில்லை. ஓசுமோ-சான் இடுப்பை இறக்கி, உடம்பைத் திருப்பி, தாத்தாவை அணைத்தபடி தானே முதலில் மல்லாந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். தாத்தா அவர் வயிற்றின் மேல் பத்திரமாகக் கிடந்தார். தலை, இடுப்பு, பிரஷர் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

“முதலில் தரையைத் தொட்டது நீதான். ஜெயித்தது நான்” என்றார் தாத்தா.

“ஆமாம், தோற்றுவிட்டேன்” என்றார் கீழே கிடந்தவர்.

எந்த விழுகைக்கும் எங்கள் இல்லத்தில் அறிக்கை எழுதியாக வேண்டும். ‘விழுந்தவர் பெயர்’ என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்று கேட்டேன். பேனாவை வாங்கி, தன் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதினார்.