எத்தனை மணிக்கு வலிக்கிறது?

யாங்கூனில் எங்கள் வீடு ஐந்தாவது மாடி. லிப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். காய்கறிக்காரர் பையை மாட்டிவிட்டுக் குரல் கொடுத்தால் மேலிருந்து இழுத்துக்கொள்வோம். நான்கு வருடத்துக்கு முன், எனக்கு 29 வயதில், அப்படி அரை வீசை தக்காளியை இழுத்தபோது முதுகு பூட்டிக்கொண்டது. மூச்சு விட்டாலே இழுத்துப் பிடித்தது. அம்மாதான் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார்.

அன்றிலிருந்து போன இடமெல்லாம் நான் சொன்னது இந்தத் தக்காளிக் கதையைத்தான். கேட்பவருக்கும் அது போதுமானதாக இருந்தது. கனம் தூக்கினான், பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அரை வீசை என்பது ஒரு கிலோகூட இல்லை என்று யாருமே யோசிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

அம்மா வாய்வுப் பிடிப்பு என்றார். எதிர்வீட்டு பர்மாக்கார அக்கா 'லே' என்றார், அவர்கள் மொழியில் அதுவும் காற்றுதான். இரண்டு பேரும் சேர்ந்து என் முதுகில் தைலத்தைத் தேய்த்துத் தள்ளினார்கள். கொன்ஜேடான் தெருப் பக்கம் இருக்கும் காளி கோயிலில் எலுமிச்சை விளக்கும் போட்டாயிற்று.

முதல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து ஒன்றுமில்லை என்றார். இரண்டாமவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். கீழ் முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. வலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் படுத்தே இரு என்றார், படுத்தேன். வலி கூடிவிட்டது! அதைப் போய்ச் சொன்னபோது, மனதில் ஏதாவது கவலையா தம்பி என்று கேட்டார். கவலை இருந்தது, இல்லாமலா? ஆனால் முதுகு வலித்ததால் வந்த கவலை அது.

போன வருடம் ஒரு மூட்டு நோய் நிபுணரிடம் போனேன். பெண் டாக்டர். வழக்கம்போலத் தக்காளியில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது இருக்கட்டும். எத்தனை மணிக்கு வலிக்கிறது?"

மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. விடிகாலை மூன்று, மூன்றரைக்கு வலி எழுப்பிவிடும். எழுந்தாலும் ஒரு மணி நேரம் முதுகு பலகை மாதிரி இருக்கும். ஐந்து மாடி இறங்கி, தெரு முனை டீக்கடைக்கு நடந்தால் தளர்ந்துவிடும். அங்கே அந்தக் குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் அரை மணி உட்கார்ந்தால் மறுபடி இறுகும். இதையெல்லாம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார்.

"கண் எப்போதாவது சிவந்து வலித்ததா?"

தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடம் முன் இடது கண் அப்படித்தான் ஆனது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல். கண் டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்தில் சரியானது. முதுகையும் கண்ணையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்?

ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லையாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றார். மறுபடி எம்ஆர்ஐ. இந்த முறை முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் அழற்சி. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய், எக்ஸ்ரேயில் தெரியவே பல வருடம் ஆகலாமாம், சிலருக்குக் கண்ணிலும் அழற்சி வருமாம். வலிக்குப் பயந்து சுற்றுத் தசைகள் இறுகுவதுதான் அந்தப் பிடிப்பு. தக்காளிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

தீராத நோய் என்று கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தவன் நானாகத்தான் இருப்பேன். பெயர் கிடைத்துவிட்டதே!

இப்போது அழற்சி குறைக்கும் மாத்திரை, கூடவே தினமும் உடற்பயிற்சி. படுத்தே கிடக்கக் கூடாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, சிறுநீரகம் எப்படி என்று அவ்வப்போது ரத்தம் பார்க்கிறார்கள். பாதி நாள் விடியும்வரை தூங்குகிறேன். மழை நாட்களில் பிடிப்பு இன்னும் வருகிறது, மழைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கீழே காய்கறிக்காரர் குரல் கொடுத்ததும், "நீ தொடாதே" என்று சொல்லிவிட்டு அவரே போய்க் கயிற்றை இழுத்தார்.