ஐஸ்லாந்துக்கு எந்த மாதம் போகலாம்? ஒரு வெளிச்சக் கணக்கு

கும்பகோணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி குளிரைப் பற்றியதுதான். “தம்பி, அந்த ஊருக்கு எந்த மாசம் வந்தா குளிரு தாங்கும்?” என்றார். அதற்கு முன்பு ஒரு டிசம்பரிலும் ஒரு ஜூனிலுமாக இரண்டு முறை நான் ஐஸ்லாந்துக்குப் போய் வந்திருந்தேன். எடின்பரோவில் வேலை பார்க்கிறவனுக்கு அது இரண்டரை மணி நேர விமானப் பயணம்தான். இருந்தும் அம்மாவுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த நாட்டுக்குப் போக மாதம் பார்க்கிறவர்கள் குளிரைக் கடைசியாகக் கணக்கில் எடுத்தால் போதும் என்பதை அந்த இரண்டு பயணங்களிலும் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேண்டும், எந்தெந்தச் சாலைகள் திறந்திருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால் மாதம் தானாகவே அமைந்துவிடும்.

குளிர் ஏன் கடைசி என்றால், ஐஸ்லாந்தின் குளிர் அதன் பெயர் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. தலைநகர் ரேக்யவிக் வட அட்சரேகை 64 பாகையில் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டம் அந்நாட்டின் வட கோடியில் உள்ள கிரிம்சே என்ற சிறு தீவை மட்டுமே தொட்டுச் செல்கிறது. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் கரையோரத்தைச் சூழ்ந்திருப்பதால், ரேக்யவிக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை 0 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஜூலைச் சராசரியும் 12 பாகையைத் தாண்டிப் போய்விடுவதில்லை. ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கம் இவ்வளவுதான். வெளிச்சத்தை எடுத்துக்கொண்டால் டிசம்பரின் கடைசி வாரங்களில் ஒரு பகல் ஏறக்குறைய 4 மணி நேரம், ஜூனின் கடைசி வாரங்களில் 21 மணி நேரம். அங்கே பருவம் மாறுகிறது என்றால் முதலில் வெளிச்சம் மாறுகிறது என்று பொருள். உடம்பை உறைய வைப்பது காற்று. அந்தக் காற்று எல்லா மாதங்களிலும் உண்டு, குளிர்காலத்தில் அதன் வலிமை கூடும்.

டிசம்பர் பயணத்தில் நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்தேன். ரேக்யவிக்கிலிருந்து தெற்குக் கரையோரமாக விக் கிராமம் வரை சுமார் 190 கிலோமீட்டர். அதற்கும் கிழக்கே, பனிப்பாறைகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வரை 370 கிலோமீட்டருக்கு மேல். நல்ல சாலையில் ஐந்து மணி நேரம் ஆகாதே என்று நினைத்தேன். ஐஸ்லாந்து ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்தையே பின்பற்றுகிறது. சூரியனை வைத்துப் பார்த்தால் அந்த நாடு அதற்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்க வேண்டும். அதனால் டிசம்பரில் சூரியன் காலை 11:20 மணிவாக்கில் உதித்து, மாலை மூன்றரை மணிக்கு மறைகிறது. நடுப்பகல் என்பதே பிற்பகல் ஒன்றரை மணிதான். அந்த நேரத்திலும் சூரியன் தொடுவானத்துக்கு மேலே மூன்று பாகைகூட ஏறவில்லை. அருவியின் முன்னால் நின்ற என் நிழல் பனியின் மேல் இருபது ஆள் நீளத்துக்குக் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை. வைகறையின் நிறம் பகல் முழுவதும் கலையாமல் வானத்தில் நிற்கிற அந்த நான்கு மணி நேரம், நான் கண்ட அழகுகளில் ஒன்று. ஆனால் 370 கிலோமீட்டர் போய் வருவதற்கு அது போதாது என்பதும் உண்மை.

மூன்றாம் நாள் புயல் வந்தது. அந்நாட்டு வானிலை நிலையம் எச்சரிக்கைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தால் பிரித்து வெளியிடுகிறது, அன்று ஆரஞ்சு. ரேக்யவிக்குக்குக் கிழக்கே ஹெல்லிஸ்ஹெய்தி என்ற மேட்டைக் கடக்கும் சாலையை மூடிவிட்டார்கள். தெற்கே போக வேண்டியவர்களுக்கு முதன்மையான வழி அதுதான். இரண்டு பகல்கள் விடுதி அறையிலேயே கழிந்தன. அவர்கள் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: க்ளுக்காவேதுர், அதாவது சன்னல் வானிலை, உள்ளே இருந்து பார்க்க அழகாகவும், வெளியே இறங்கி நிற்க இயலாததாகவும் இருக்கும் வானிலை. அந்தச் சொல்லை நான் சன்னலருகே உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன். வாடகைக் காரின் கதவைக் காற்று பிடுங்கியதும் அந்தப் பயணத்தில்தான். காற்றின் திசையைப் பார்க்காமல் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். ஒரே வீச்சில் அது பின்புறமாக மடங்கிக் கீல் வளைந்துவிட்டது. காற்றினால் கதவுக்கு வரும் சேதம் காப்பீட்டில் அடங்காது என்று ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்ததை நிறுவனத்தார் பிறகு காட்டினார்கள். எந்த மாதம் போனாலும், காரின் மூக்கு காற்றை எதிர்நோக்கும்படி நிறுத்திவிட்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் குளிர்காலம் போகத் தகாதது என்று நான் சொல்லமாட்டேன். வட்னயோகுட்ல் என்ற பெரும் பனிமூடி அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காட்டை மூடியிருக்கிறது. கோடையில் உருகிய நீர் அதன் விளிம்பில் குடைந்துவிட்டுப் போகும் நீலக் குகைகளுக்குள் வழிகாட்டியோடு பாதுகாப்பாக நுழைவதற்கு நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே உகந்தவை. அந்தக் குகைகளுக்காகப் போகிறவர்கள் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பனி அப்படியே இருக்கும், பகலோ பன்னிரண்டு மணி நேரத்தை எட்டியிருக்கும். புயலுக்கென்று இரண்டு நாட்களைக் கூடுதலாக ஒதுக்கிவிட்டால் மனம் பதறாமல் இருக்கலாம்.

ஜூன் பயணம் இதற்கு நேர் எதிர். ரேக்யவிக்கில் சூரியன் நள்ளிரவுக்குச் சற்றுப் பின் மறைந்து மூன்று மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் இருட்டு என்று சொல்லத்தக்க எதுவும் வருவதில்லை. இரவு பதினோரு மணிக்கு ஓர் அருவியடியில் போய் நின்றால் பொன் வெயிலும் நாமும் மட்டும் இருப்போம். பகலில் அதே இடத்தில் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். கரும்மணல் வெளிகளில் ஊதா நிற லூபின் பூக்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பூத்திருந்தன. மண் அரிப்பைத் தடுக்க 1945-இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட செடி அது. இன்று உள்ளூர்ப் பாசியையும் குறுஞ்செடிகளையும் அமுக்கிப் பரவுகிறது என்பதால் அதை நேசிப்பவர்களும் வெறுப்பவர்களும் அங்கே சரிபாதியாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பாறை விளிம்புகளில் பஃபின் பறவைகள் வாய் நிறைய மீனோடு வந்து இறங்குவதையும் பார்த்தேன். ஏப்ரல் கடைசியில் கரைக்கு வருகிற அவை ஆகஸ்ட் நடுவில் கடலுக்குத் திரும்பிவிடும் என்பதால், பஃபின் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த இடைவெளிக்குள்தான் போக வேண்டும். கரையோரப் புல்வெளியில் நடந்தபோது ஆர்க்டிக் ஆலாக்கள் தலைக்கு மேல் செங்குத்தாகப் பாய்ந்து வந்தன. குஞ்சுகள் இருக்கும் இடத்தை நெருங்கினால் அலகால் கொத்தவே செய்யும். கையை உயர்த்தி ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டால், உயரமாக இருப்பதைத்தான் அவை கொத்தும் என்று ஒரு பெரியவர் காட்டிக்கொடுத்தார்.

ஆனால் அந்த ஜூனில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, தூக்கம். தடித்த திரையைப் போட்டாலும் உடம்பு இரவை நம்ப மறுத்தது. மற்றொன்று, உள்நாட்டு மேட்டுநிலம். லாண்ட்மன்னலாய்கார் என்ற இடத்து வண்ண மலைகளைப் பார்க்கவே நான் முக்கியமாகப் போயிருந்தேன். ஜூன் மூன்றாம் வாரத்தில் அதற்கான மலைச்சாலை இன்னும் திறக்கவில்லை. எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் எண்களைக் கொண்ட அந்தச் சாலைகள் பனி உருகி மண் இறுகிய பிறகே திறக்கும். அவற்றில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகள் மட்டுமே போகலாம் என்பது சட்டம். நாட்காட்டியில் கோடை வந்துவிட்டது, மலையில் வரவில்லை. மேட்டுநிலத்தில் நடக்க வேண்டும் என்பதே ஒருவருடைய நோக்கமானால், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள் போக வேண்டும். விடுதிகளின் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை என்பதை ஏற்றுக்கொண்டே போக வேண்டும். மே மாதம் மலிவு, பறவைகள் உண்டு, இரவு வானில் பச்சையாக ஆடும் துருவ ஒளி கிடையாது. அக்டோபர் பின்பாதியில் இருட்டும் மழையும் முந்திக்கொள்ளும்.

அம்மாவின் விருப்பங்களோ மூன்றே மூன்று. வானத்தில் பச்சை ஒளி ஆடுவதைப் பார்க்க வேண்டும். அருவி பார்க்க வேண்டும். பனியில் வழுக்கி விழக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர். துருவ ஒளிக்கு இரவு இருட்ட வேண்டும். ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை அது தெரியும், பகலும் இரவும் சமமாகிற நாட்களையொட்டிப் புவியின் காந்தப்புலம் அதிகமாகக் கலங்குவதால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாதங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபோது செப்டம்பரின் இரண்டாம், மூன்றாம் வாரங்கள் மிஞ்சின. பகல் 13 மணி நேரம், இரவு பத்து மணிக்கு நல்ல இருட்டு, சராசரி 8 பாகையை ஒட்டிய குளிர், தரைமட்டச் சாலைகளில் பனி இல்லை. ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஐஸ்லாந்தும் ஒன்று என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அந்த விசாவைப் பெற வேண்டும். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நாங்கள் ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்கினோம்.

நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. அதை முழுவதும் சுற்ற ஆசைப்படாமல், ஒன்பது நாட்களைத் தெற்கிலேயே செலவிட்டோம். செல்யலான்ஸ்ஃபோஸ் அருவியின் பின்புறமாகச் செல்லும் பாதை, டிசம்பரில் பனிக்கட்டி பிடித்து மூடிக் கிடந்த அதே பாதை, இப்போது திறந்திருந்தது. மழைக்கோட்டின் தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி அம்மா 60 மீட்டர் நீர்த்திரைக்குப் பின்னால் நடந்து வந்தார். 930-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் பேரவை கூடிய திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் குட்டை பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும், தரையோடு படர்ந்த பில்பெரிச் செடிகள் இரத்தச் சிவப்பாகவும் மாறியிருந்தன. ஜூனில் நான் பார்த்தபோது அவை வெறும் பச்சையாக இருந்தவை.

செப்டம்பருக்கு மட்டுமே உரிய ஒன்றை நாங்கள் திட்டமிடாமலேயே கண்டோம். கோடை முழுவதும் மலையில் தம் போக்கில் மேய்ந்த ஆடுகளைக் குதிரையிலும் நடையிலும் சென்று ஓட்டிவந்து பிரிக்கும் ‘ரியெட்டிர்’ அது. எங்கள் விடுதிக்காரப் பெண்மணி வழி சொல்லி அனுப்பினார். வட்டமான பெரிய பட்டி. நடுவில் எல்லா ஆடுகளையும் அடைக்கும் பொதுவெளி, அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பிரிந்த சிறு அடைப்புகள், ஒவ்வோர் அடைப்பும் ஒரு பண்ணைக்கு உரியது. கம்பளிச் சட்டை போட்ட சிறுவர்கள் முதல் தாத்தாக்கள் வரை ஆட்டின் கொம்பைப் பிடித்து, காதைத் திருப்பி அடையாள வெட்டைப் பார்த்து, இரண்டு கால்களுக்கும் இடையே ஆட்டை இடுக்கிக்கொண்டு தத்தம் அடைப்புக்கு நடத்திப் போனார்கள். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “எங்கப்பா காலத்துல நம்மூருல கெடை போட வந்தவங்களும் காதுலதான் தம்பி அடையாளம் வெட்டியிருப்பாங்க” என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, அம்மா சொன்னது புரியாமலே, ஓர் ஆட்டின் காதைப் பிடித்து அந்த வெட்டைக் காட்டினார்.

முதல் நான்கு இரவுகள் மேகம். வானிலை நிலையத்தின் மேக வரைபடத்தில் பச்சை என்றால் மேகம், வெள்ளை என்றால் தெளிந்த வானம். அந்த வெள்ளைத் திட்டு எங்கள் பக்கம் நகர்ந்து வருகிறதா என்று தினமும் மாலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். துருவ ஒளிக்காக வருகிறவர்கள் இரண்டு மூன்று இரவுகளோடு திரும்பிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஐந்தாம் இரவு பத்தே முக்கால் மணிக்கு விடுதியின் முற்றத்தில், முதலில் வெளிறிய மேகம் போல் ஒரு கோடு வடக்கே எழுந்தது. சிறிது நேரத்தில் அது பச்சையாகி, துணியை உதறியது போல் கிழக்கும் மேற்குமாக விரிந்தது. வெப்பமானி 5 பாகை காட்டியது. அம்மா கையுறைகூடப் போடாமல் அண்ணாந்து நின்றார். “இதுக்குச் சத்தமே கிடையாதா தம்பி?” என்று மட்டும் கேட்டார். கேட்டுப் பார்த்தோம், வேலிக்கு அப்பால் ஓடையின் சலசலப்பும், பிரிக்கப்பட்ட ஆடுகளின் குரலும்தான் கேட்டன.

ஊருக்குத் திரும்பிய பிறகு சித்தியிடம் அம்மா பேசிக்கொண்டிருந்ததைத் தொலைபேசியில் கேட்டேன். சித்தியும் குளிரைப் பற்றித்தான் விசாரித்திருக்க வேண்டும். “குளிரு கெடக்குது, போர்த்திக்கிட்டாப் போச்சு. நீ வரதா இருந்தா ஆடு அடைக்கிற மாசத்துல வா” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.