புள்ளி பிந்தி வருகிறது

2024 மார்ச் 23

இந்த வாரம் கரண்டு காலை 5 முதல் 9 வரை. அதற்குள் கணினி ஆட்டம் செய்யும் மென்பொருளான ஜிடெவலப்பை இறக்கி நிறுவியாச்சு. அதே வகையைச் சேர்ந்த கன்ஸ்ட்ரக்ட் 3 பார்க்க அழகுதான், ஆனால் அது உலாவிக்குள் ஓடுவது, காசு கட்டாவிட்டால் ஈவென்ட் (‘இது நடந்தால் அதைச் செய்’ என்கிற விதி) எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. ஜிடெவலப் ஓபன் சோர்ஸ். நெட் இல்லாமலும் வேலை நடக்கும். ரங்கூனில் இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

மார்ச் 24

கோயில் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆட்டம். ‘க்’ கட்டையின் மேல் ‘ஆ’ கட்டையை இழுத்துப் போட்டால் ‘கா’ வரவேண்டும், அவ்வளவுதான். 18 மெய், 12 உயிர், 216 உயிர்மெய். 216 ஈவென்ட் எழுத யாருக்குப் பொறுமை?

எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மாறி, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் ஒரு பெட்டி. ‘க்’ கட்டையின் மாறியில் புள்ளியில்லாத ‘க’. ‘ஆ’ கட்டையின் மாறியில் கால் மட்டும். ‘அ’வின் மாறி வெறுமை. இரண்டு மாறியையும் கூட்டல் குறியால் ஒட்டினால் எழுத்து தயார். 216க்கும் ஒரே செயல்.

மார்ச் 26

ஈவென்ட் தாளில் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். பார்க்கக் கணக்குப் பேரேடு மாதிரி இருக்கிறது. நிபந்தனை: மெய்க்கட்டையும் உயிர்க்கட்டையும் மோதினால். செயல்: புதுக் கட்டையை உருவாக்கு. ஓட்டிப் பார்த்தால் திரை உறைந்துபோனது.

இந்தத் தாள் ஒருமுறை படித்துவிட்டு மூடிவைக்கிற தாள் அல்ல. நொடிக்குச் சுமார் 60 தடவை மேலிருந்து கீழே படிக்கப்படுகிறது. கட்டைகள் தொட்டுக்கொண்டிருக்கும் வரை நொடிக்கு 60 ‘கா’. ‘டிரிகர் ஒன்ஸ்’ (ஒருமுறை மட்டும் நடத்து) போட்டால் நிற்கும், ஆனால் அது ஈவென்டை மொத்தமாகப் பார்க்கிறது, கட்டை கட்டையாக அல்ல. ஒரு ஜோடி ஒட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த ஜோடி மோதியதைக் கண்டுகொள்ளாது.

சரியான வழி: கட்டையை இழுக்க வைக்கும் டிராகபிள் பிஹேவியரில் ‘இப்போதுதான் கைவிடப்பட்டது’ என்றொரு நிபந்தனை இருக்கிறது. அது ஒரே ஒரு ஃபிரேமுக்குத்தான், அதாவது தாளை ஒரு தடவை படிக்கும் நேரத்துக்குத்தான் உண்மை. அதோடு மோதலைச் சேர். போகிற வழியில் உரசினாலே ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் அதோடு தீரும். பிள்ளை எந்தக் கட்டையை இழுக்கும் என்று சொல்ல முடியாதே, அதனால் மெய்க்கு ஒரு ஈவென்ட், உயிருக்கு ஒரு ஈவென்ட். புதுக் கட்டைக்கு எழுத்தைக் கொடுத்த பிறகே பழைய இரண்டையும் நீக்கு.

மார்ச் 27

கரண்டு வரவேயில்லை.

மார்ச் 28

கட்டை நகர்கிறது, எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. கட்டை ஸ்ப்ரைட் (படப் பொருள்), அதன் மேலுள்ள எழுத்து தனி டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் (எழுத்துப் பொருள்). இழுபடுவது கட்டை மட்டும். ‘எழுத்தைக் கட்டை இருக்கும் இடத்தில் வை’ என்று ஒரு செயல் போட்டேன். முப்பது எழுத்தும் ஓடிப்போய் ஒரே கட்டையில் குவிந்தன. எந்தக் கட்டை என்று சொல்லாவிட்டால் முதல் கட்டையைத்தான் எடுத்துக்கொள்ளும். உருவாக்கும்போதே இரண்டையும் ‘லிங்க்’ செய்து ஜோடி சேர்த்துவைத்து, ஒவ்வொரு கட்டையாக எடுக்கும் ‘ஃபார் ஈச்’ ஈவென்டில் அதனதன் ஜோடியை எடுக்க வேண்டும். ஸ்டிக்கர் என்ற கூடுதல் நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) இதையே சுருக்கமாகச் செய்கிறது. ஆனால் அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்குக் கரண்டு வேண்டும்.

மார்ச் 30

எழுத்தைப் படங்களாக அடுக்கும் பிட்மேப் டெக்ஸ்ட் தமிழுக்கு ஆகாது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு படம் என்று வரிசையாக அடுக்கிவிடும், கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாது. ‘கெ’ என்றால் முதலில் ‘க’, அதற்குப் பின்னால் அநாதையாய் ஒரு கொம்பு. சாதா டெக்ஸ்ட் ஆப்ஜெக்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது. எழுத்தின் மேலோ கீழோ வெட்டுப்பட்டால் பேடிங்கை, அதாவது சுற்றிலும் விடும் இடத்தை, கூட்டு.

ஏப்ரல் 1

பிள்ளை எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லை முடித்ததும் அது ஒவ்வோர் எழுத்தாய்த் திரையில் விழுந்தால் நன்றாயிருக்கும். டைமர் ஒன்று, எண்ணிக்கை மாறி ஒன்று, சொல்லிலிருந்து துண்டு வெட்டித் தரும் சப்ஸ்டிரிங். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

‘அம்மா’ இப்படி விழுகிறது: அ, அம, அம், அம்ம, அம்மா.

மூன்றெழுத்துச் சொல். நீளம் கேட்டால் 5 என்கிறது. அதன் கணக்கில் புள்ளி தனி, கால் தனி. ‘ம’ வந்து நின்று, அப்புறம் தலையில் புள்ளி வைத்துக்கொள்கிறது. மெய்யைக் கற்றுக்கொடுக்க வந்த ஆட்டம் முதலில் உயிர்மெய்யைக் காட்டித் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது.

ஏப்ரல் 3

‘கொடி’ சரியாகச் சேர்ந்தாலும் தவறு என்கிறது. கண்ணுக்கு ஒரே சொல்தான், எழுத்துருவை மாற்றினாலும் ஒன்றுதான்.

நீளம் கேட்டதும் பிடிபட்டது. விடைப் பட்டியலில் ‘கொ’வின் நீளம் 2, கட்டையில் சேர்ந்த ‘கொ’வுக்கு 3. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். மாறிக்குள் குறியைத் தனியாகத் தட்டியபோது இரண்டாக விழுந்திருக்கிறது. ஒப்பிடும்போது கணினி பார்ப்பது அந்த எண்களை, வடிவத்தை அல்ல. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019 அக்டோபர் 1இல் நாடே யூனிகோடுக்கு மாறும் வரை பர்மிய எழுத்தில் ஸோஜி என்ற, யூனிகோடோடு ஒத்துப்போகாத முறையோடு பட்ட பாடு இதற்குத் தூரத்துச் சொந்தம்.

மருந்து: குறியைத் தட்டாதே. விடைகளைத் தட்டிய அதே விசைப்பலகையில் ‘கொ’ என்று தட்டி, சப்ஸ்டிரிங்கில் 1ஆம் இடத்திலிருந்து ஒன்றை வெட்டி மாறியில் போடு. எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் ‘க’ 0, குறி 1. கோ, கௌ இரண்டுக்கும் இதேதான்.

ஏப்ரல் 4

புள்ளி இன்னும் பிந்தித்தான் வருகிறது.

ஏப்ரல் 6

216ஐயும் ஓட்டிப் பார்த்தாச்சு. ஔகார வரிசை மட்டும் மண்டையைக் குடைந்தது. பட்டியலைத் தட்டித் தந்தவர் கொம்பும் ‘ள’வும் போட்டு ‘கெள’ என்று வைத்திருக்கிறார். மாத்திரை கணக்காய் ஓதுகிறவர்களும் செய்கிற பிழை. கம்ப்யூட்டர் மன்னிக்காது, சரிதான்.

ஏப்ரல் 7

வகுப்பு மண்டபத்தில் கரண்டு இல்லை. ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதில் சேர்த்து, ஆட்டத்தை வேறு கருவியில் ஓட்டிப் பார்க்க உதவும் நெட்வொர்க் பிரிவ்யூ. அது தரும் முகவரியை ஃபோன் உலாவியில் தட்டினால் ஆட்டம் ஓடுகிறது. டேட்டா தேவையில்லை.

கட்டை சின்னது. மவுசுக்குப் போதுமானது பிள்ளையின் கட்டைவிரலுக்குள் மறைந்துபோகிறது. 64 பிக்சலை 120 ஆக்கினேன். முப்பதும் ஒரே திரையில் கொள்ளாது, எனவே ஒரு சுற்றுக்கு ஆறு மெய்.

“டீச்சர், இது ஏன் முதல்ல ‘ம’ன்னு சொல்லுது?”

புள்ளியைத்தான் கேட்கிறாள்.

ஏப்ரல் 9

சப்ஸ்டிரிங்கைத் தூக்கி எறிந்தேன். ஒவ்வொரு சொல்லும் இப்போது பல துண்டுகளை வரிசையாக வைத்திருக்கும் ஒரு வரிசை மாறி: ‘அ’, ‘ம்’, ‘மா’. டைமர் தட்டும்போதெல்லாம் வரிசையிலிருந்து அடுத்ததை எடுத்து ஒட்டு. 40 சொல்லையும் கையால் பிரித்துப் போட ஒரு கரண்டு நேரம் முழுதும் போனது. புள்ளி தலையோடு வருகிறது.

ஏப்ரல் 10

எச்டிஎம்எல்5 ஆக ஏற்றுமதி செய்து, கோப்புறையைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் வெறுந்திரை. இன்டெக்ஸ் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், வட்டிலுள்ள மற்ற கோப்புகளைப் படிக்க உலாவி விடாது. ஏதாவது ஒரு சர்வரிலிருந்துதான் வரவேண்டும். ஆண்ட்ராய்டு கோப்பாக்கினால் தீரும், ஆனால் மேகத்தில் (நெட்டில் உள்ள அவர்கள் சர்வரில்) கட்டுவதற்கு முழுத் திட்டமும் ஏற வேண்டும். 8:40க்கு 70 சதவீதம். 9 மணிக்குக் கரண்டு போய்விட்டது.

ஏப்ரல் 11

ஒலிக்கோப்புகளைச் சுருக்கினேன். இனி பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான தின்ஜான் ஓய்ந்த பிறகுதான் வகுப்பு. அதற்குள் ஏற்றிவிடலாம்.

ஒரு பிள்ளைக்குத் தன் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது. நீளம் கேட்டேன்: 4.