வீட்டோடு இருந்த மண்ணும் ஊர் சுற்றிய மண்ணும்

பீங்கான் வனைய வருகிறவர்கள் தவறாமல் என்னிடம் புலம்புவது ஒன்றுதான்: "இந்த மண் கைக்கு அடங்கவே மாட்டேங்குதே!" குளத்து மண்ணைச் சக்கரத்தில் வைத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். பீங்கான் மண்ணில் சுவரைக் கொஞ்சம் வேகமாகத் தூக்கினாலே விளிம்பு பிய்ந்துவிடும். தண்ணீர் கூடினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். உங்கள் கையில் குறை இல்லை, மண் பிறந்த விதம் அப்படி என்பேன்.

இங்கிலாந்தின் கார்ன்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஆஸ்டல் பக்கத்துக் கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம், பூமிக்குள் ஓடிய வெந்நீரும் மேலிருந்து இறங்கிய நீரும் பட்டுப்பட்டு கயோலினாக, அதாவது பீங்கானுக்கு ஆதாரமான வெள்ளைக் களிமண்ணாக, உளுத்துப்போனது. பாறை இருந்த இடத்திலேயே மண்ணாகிவிட்டது. ஆற்றோடு போயிருந்தால் ஒட்டியிருக்கும் இரும்பும் மக்கிய இலைதழையும் இதில் இல்லை. அதனால்தான் அந்த வெள்ளை. ஆனால் ஓடி உருண்டு தேயாததால் துகள்கள் பெரிது, ஒன்றோடொன்று வழுக்கி இழுபடாது.

அங்கிருந்து கிழக்கே, டெவனில் போவி பள்ளத்தாக்கில் இருப்பது ஊர் சுற்றிய மண். சுற்றுப்புறப் பாறைகள் உளுத்து, ஆறு அடித்து வந்து படிய வைத்தது. பால் கிளே (ball clay) என்று மூட்டையில் வரும். வெண்ணெய் மாதிரி வனையும். சுட்டால் தந்த நிறம். வெளுப்பு வேண்டுமா, வளைவு வேண்டுமா? ஒரே மண்ணில் இரண்டும் கிடைப்பது அபூர்வம்.

சீனாவின் ஜிங்தெசெனுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது. அங்கே பீங்கான் கல் என்று ஒன்று உண்டு. இடித்துக் கழுவினால், அதிலுள்ள நுண்ணிய மைக்காவே (காக்காப்பொன்) மண்ணுக்கு இழுவை கொடுக்கும், சூளையில் உருகிக் கண்ணாடித்தன்மையும் தரும். கயோலினைக் கூடச் சேர்த்ததும் அதிகச் சூட்டிலும் சரியாத பெரிய ஜாடிகள் சாத்தியமாயின. ஜப்பானின் அரிதாவில் இன்னும் சுலபம்: அமகுசா தீவுக் கல்லை மட்டும் அரைத்தே வனையலாம். எனக்குப் பொறாமைதான்!

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். எரித்த மாட்டெலும்புச் சாம்பல் ஏறக்குறைய பாதி, மீதியில் கார்ன்வால் மண்ணும், பாதி உளுத்த கிரானைட்டான கார்ன்வால் கல்லும். அதுதான் போன் சைனா. சக்கரத்துக்கு அது லாயக்கில்லை, பெரும்பாலும் அச்சில்தான் வார்ப்பார்கள்.

நம்மைப் போலச் சக்கரத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு மூன்று சதவீதம் பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கலந்து சமாளிக்கிறோம். அது எரிமலைச் சாம்பலில் பிறந்தது, இழுவை கொடுக்கும், கூடவே இரும்பையும் கொண்டுவரும். அமெரிக்காவின் ஜார்ஜியா கயோலின் படிவு மண். டைட்டானியம் ஒன்றரை சதவீதம் அளவுக்கு இருக்கும், எவ்வளவு கழுவினாலும் சுட்டபின் லேசான மஞ்சள் தட்டும். மாறாக நியூசிலாந்தின் மடௌரி விரிகுடாவில் எரிமலைப் பாறை உளுத்துக் கிடைக்கும் ஹாலோய்சைட் என்ற வெள்ளைக் களிமண்ணில் இரும்பு அரை சதவீதம்கூட இல்லை, டைட்டானியம் அதைவிடக் குறைவு. மெல்லிசாக வனைந்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரியும்.

விலையோ கண்ணைக் கட்டும். தேநீர்க் கோப்பைக்கெல்லாம் அதைக் கரைக்க எனக்கு மனசு வராது. கோப்பைக்கு லேசான மஞ்சள் அழகாகவே இருக்கிறது. விளக்குக் கூடு செய்யும்போது மட்டும் அந்த மூட்டையைப் பிரிக்கிறேன்.