டிஸ்சார்ஜ் காகிதத்தை வீட்டுச் சீட்டாக எழுதுவது

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகி, வேலூர்ப் பக்கத்துக் குடியாத்தத்துக்கோ அணைக்கட்டு என்ற ஊருக்கோ பஸ் ஏறுகிறவர் கையில் மூன்று நான்கு பக்க ஆங்கிலக் காகிதம் இருக்கும். வீட்டில் அன்றாடம் தேவைப்படுவது அதிலுள்ள மருந்துப் பட்டியல்தான். அதை ஒரு பக்கத் தமிழ்ச் சீட்டாக எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பேனாவைத் திறப்பதற்கு முன்பே பாதி நேரம் போய்விடும்.

முதலில் பையைக் கொட்டச் சொல்வோம், வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகளையும் சேர்த்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சுகர் மாத்திரை, மெட்ஃபார்மின் 500, அதில் இருக்கும். கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்திலும் மெட்ஃபார்மின் என்பது எறும்பு எழுத்திலும் அச்சான, மெடிக்கல் கடையில் வாங்கிய மாத்திரை அட்டையும் கூடவே இருக்கும். பார்க்க வேறு வேறாக இருப்பதால் இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்திருந்தால் பெயரும் காலாவதி தேதியும் கடையிலேயே தங்கியிருக்கும். ஆகவே சீட்டில் 'வெள்ளை மாத்திரை' என்று எழுதுவதே இல்லை. மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எதற்கு (சுகருக்கா, பிரஷருக்கா) என்று மூன்றும் இருக்கும்.

அடுத்தது நேரம். 1-0-1 என்றால் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்பது பலருக்கும் பழகிவிட்டது. சிக்கல் 'சாப்பாட்டுக்கு முன்' என்பதில்தான். விடியலில் டீ, பதினோரு மணிக்குக் கூழ் என்று இருப்பவருக்கு எது சாப்பாடு? தோல் கம்பெனியில் நைட் ஷிப்ட் போகிறவருக்கு எது காலை? அவர் எப்போது எழுகிறார், முதல் வாய் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். ரம்ஜான் நோன்பு பிடிப்பவர் என்றால் நாங்களாக நேரத்தை மாற்றுவதில்லை, டாக்டரிடம் திருப்பி அனுப்புவோம். தைராய்டு மாத்திரைக்கு 'வெறும் வயிற்றில்' என்று மட்டும் எழுதினால் அது டீயோடுதான் உள்ளே போகும். நம்மூரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராதே! 'எழுந்ததும் தண்ணீரில், டீக்கு அரை மணி முன்னால்' என்று எழுதுவோம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி.

அரை மாத்திரையை 1/2 என்று எழுதினால் 'ஒண்ணு இல்லேன்னா ரெண்டு' என்று படிக்கிறவர் உண்டு. 'அரை' என்று எழுத்தால் எழுதி, பக்கத்தில் பாதி வட்டம் வரைந்துவிடுவோம். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். 'வாரம் ஒருமுறை' போதாது, 'புதன்கிழமை மட்டும்' என்று கிழமையைப் போட வேண்டும். படிப்படியாகக் குறைக்கும் ஸ்டீராய்டுக்குச் சீட்டே உதவாது. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு எத்தனை என்று எழுதிவிடுவோம். ராகு காலம் பார்க்கிற கண்ணில் அதுவும் பட்டுவிடும்.

இன்சுலினுக்குத் தனியாக உட்கார வேண்டும். மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி. இன்சுலின் பேனாவுக்குள் (பேனா வடிவ ஊசி) போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். சுகர் இறங்காது, டாக்டரும் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வந்தால் கூட்டிய அளவு முழுதாக உள்ளே போகும். தலைகீழாக, பேனா உடைந்துபோய் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20ஆம் கோடு வரை இழுத்தால் 50 யூனிட்! ஆகவே 'குப்பி 40, சிவப்பு மூடி, 20 யூனிட்' என்று மூன்றும் ஒரே வரியில் இருக்கும். காலிச் சிரிஞ்சைக் கையில் கொடுத்து அந்தக் கோடு வரை இழுத்துக் காட்டச் சொல்வோம். கலங்கலாகவே இருக்கும் வகை இன்சுலினைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து தடவை உருட்ட வேண்டும். பிரிட்ஜ் இருந்தால் கதவுத் தட்டில், ஃப்ரீசரில் அல்ல. உறைந்துபோனது குப்பைக்குத்தான். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், வேலூர் வெயிலுக்கு, மூடிய டப்பாவில் போட்டு மண்பானைக்குள்.

எழுதி முடித்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்பதில் பயனில்லை. 'புரிஞ்சுது சார்' என்பதைத் தவிர வேறு பதில் வந்ததே இல்லை. 'வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா என்னம்மா சொல்லுவீங்க?' என்று கேட்போம். எட்டாவது படிக்கிற பேத்தி கூட வந்திருந்தால் அவளையே படிக்கச் சொல்வோம், வீட்டில் படிக்கப்போவது அவள்தான். எங்கே தடுக்குகிறதோ அந்த வரியை அடித்துவிட்டு அவர்கள் சொன்ன பேச்சிலேயே திரும்ப எழுதுவோம். 'உணவுக்குப் பின்' என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது 'சோறு தின்னதும்' என்று மாறியது அப்படித்தான்.