சர்க்கரைக்கு அப்பால்: கொழுப்பும் சிறுநீரகமும்

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்த பின், எங்கள் உறவினர்கள் சர்க்கரை அளவை அக்கறையோடு விசாரிக்கிறார்கள். ஆனால் அப்பா பலதுறை மருந்தகத்திலிருந்து கொண்டுவரும் அதே பரிசோதனைத் தாளில் உள்ள டிரைகிளிசரைடையும் (இரத்தத்திலுள்ள ஒருவகைக் கொழுப்பு) சிறுநீர் ஆல்புமினையும் (சிறுநீரகம் பழுதுபடும்போது சிறுநீரில் கசியும் புரதம்) எவரும் கேட்பதில்லை என்பது எனக்குக் கவலையளிக்கிறது.

இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சரிவரச் செயல்படாததால், கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் பெருகி வர, அது டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களை மிகுதியாக இரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைகிறது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகின்றன. ஆகவே எல்டிஎல் அளவு இயல்பாகத் தெரிந்தாலும் நிம்மதி கொள்ள இயலாது. சிறுநீரகம் பழுதுபட்டால், டிரைகிளிசரைடு நிறைந்த அத்துகள்கள் அகற்றப்படும் வேகமும் குறைகிறது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து சிறுநீரகத்தையே காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2011இல் வெளியான ஷார்ப் ஆய்வில், சிறுநீரக நோயாளிகள் 9,000க்கும் மேற்பட்டோரிடையே சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் எசெட்டிமைப் என்ற மற்றொரு கொழுப்புக்குறைப்பு மருந்தும் சேர்ந்து மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகளை ஏறத்தாழ 17 விழுக்காடு குறைத்தன. சிறுநீரகச் செயலிழப்பை அவை தடுக்கவில்லை. இருந்தும் அம்மருந்து அவசியம் என்றே கருதுகிறேன், ஏனெனில் இந்நோயாளிகளில் பலரின் உயிரைப் பறிப்பது இதய நோயே. சிறுநீரகத்திற்கு இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் ஆல்புமின் கசிவைக் குறைக்கும் மருந்துகளும் தனியே வேண்டும். அக்கசிவு ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவுப்பொருள்) 30 மில்லிகிராமைத் தாண்டியுள்ளதா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.