குளம் துப்புரவாக்கப் போய் மண் அனுமதியில் மாட்டுப்பட்ட கதை

தோண்டி எடுத்த வண்டலில் பாதி, மழையோடு திரும்பவும் குளத்துக்குள்ளேயே போய்விட்டது. மீதி அலைகரையில் புல் முளைத்துக் கிடக்கிறது. ஆகாயத்தாமரை எடுத்தாயிற்று, மேலதிகத் தண்ணீர் வழியும் வான் திருத்தியாயிற்று, படித்துறைச் சண்டையும் ஒருமாதிரி ஓய்ந்துவிட்டது. மண் மட்டும்தான் மிச்சம். அதுவும் ஒரு கடிதத்தில் இரண்டு வரி இல்லாத குற்றத்துக்காக. யாழ்ப்பாணத்தில் இனிமேல் குளத்தில் கைவைக்கப் போகும் சனசமூக நிலையங்களும் கோயில் சபைகளும் இதே சுற்றுச் சுற்றக்கூடாது.

குளம் ஆருடையது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு கடகம் மண்ணும் அள்ள வேண்டாம். 200 ஏக்கர் வரை வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ் வரும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்குரியது. ஊர்மனைக்குள் இருக்கும் குளம் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கலாம், வெறும் அரச காணியாக இருக்கலாம், கோயில் உறுதியிலும் இருக்கலாம். எங்கள் குளம் கொஞ்ச வயலுக்குப் பாய்கிறது, கோயில் தீர்த்தமும் அதில்தான், கிழக்குக் கரையில் வீடுகள். போன கந்தோரில் எல்லாம் மற்றக் கந்தோரைக் காட்டினார்கள். ஓரிடத்தில் எழுதுவினைஞர் கோப்பைத் திறக்காமலே "அது எங்கட லிஸ்ற்றில இல்லை, ஐயா லீவு, திங்கள் வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். திங்கள் போனால் ஐயா கூட்டத்தில்.

வாயால் கேட்பதை அத்தோடு நிறுத்தினோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: குளம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா, இருந்தால் அதன் இலக்கம், பரப்பளவு, குளத்தைச் சுற்றி விடப்பட்ட ஒதுக்கு நிலத்தின் அளவு, எல்லை வரைபடப் பிரதி. "குளத்தை ஏன் கவனிக்கவில்லை" என்று எழுதினால் பதில் வராது, கோபம்தான் வரும். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம். லிஸ்ற்றில் இல்லாத குளத்தின் இலக்கமும் பரப்பளவும் அதே கந்தோரிலிருந்து பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தன.

கமக்காரர் அமைப்பின் தீர்மானம், கோயில் சபைக் கடிதம், விதானையாரின் (கிராம அலுவலர்) சிபாரிசு எல்லாம் சிரமமில்லாமல் கிடைத்தன. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விடயத்தை எடுப்பித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றுவித்தது நல்ல வேலை. பிறகு எந்தக் கந்தோருக்கும் அந்தப் பக்கத்தின் பிரதியை நீட்டினால் போதும்.

மாட்டுப்பட்டது இதற்குப் பிறகு. குளத்துக்குள் மண்ணைப் புரட்டிக் குளக்கட்டின் மேல் போடுவது வேறு, டிப்பரில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவருவது வேறு. வீதிக்கு வந்தால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் சாரதியும் வாகனமும் நீதிமன்றத்தில்தான் நிற்கவேண்டி வரும். "ஊர் வேலை, கோயில் வேலை" என்று சொல்லித் தப்ப முடியாது. எங்களுக்குத் தரப்பட்ட கடிதத்தில் குளத்தைத் துப்புரவு செய்ய ஆட்சேபனை இல்லை என்று இருந்தது. எத்தனை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண், அது எங்கே போகிறது என்ற இரண்டும் இல்லை. அந்த இரண்டும் இல்லாத கடிதத்தை வைத்து மண் ஏற்ற அனுமதி எடுக்க முடியாது. திருத்திய கடிதம் கைக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துவிட்டது, மண் தோண்டும் பெக்கோ இயந்திரமும் போய்விட்டது.

ஆகவே கணக்கை முதலே போட்டு விண்ணப்பத்தோடு கொடுங்கள். குளம் வற்றியதும் ஐந்தாறு இடத்தில் இரண்டடிச் சதுரக் கிடங்கு வெட்டிக் கறுப்பு வண்டலின் தடிப்பை அளவுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு அடி தடிப்பு என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 435 கியூப். நாலு ஏக்கர் குளத்தில் 1,740 கியூப். மூன்று கியூப் டிப்பரில் 580 லோட். இதைக் கண்டதும் சபையில் பலர் வாயடைத்துப் போனார்கள். எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை என்ற முடிவு அப்போதுதான் வந்தது: இந்த வருடம் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசடியும் தீர்த்தத் துறையும், மற்றது அடுத்த கோடைக்கு. மண்ணை வாங்கும் தோட்டக்காரரிடம் காணி இலக்கத்தோடு சம்மதக் கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

தோண்டும்போது பெக்கோக்காரரை அவர் பாட்டில் விடக்கூடாது. கறுப்பு வண்டல் முடிந்து மஞ்சள் களி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அந்தக் களிதான் தண்ணீரைத் தாங்குகிறது. அதையும் வறுகிச் சுண்ணாம்புக் கல்லுக்குப் போனால் தையில் வான் பாய்ந்த குளம் மாசியில் வெறும் தரையாகக் கிடக்கும். பல்லுள்ள வாளியைக் கழற்றித் தட்டை வாளி போடச் சொல்லுங்கள். துருப்பிடித்த, என்னவென்று தெரியாத இரும்பு எது வந்தாலும் இயந்திரத்தை நிறுத்திப் பொலிஸுக்கு அறிவியுங்கள். யுத்தகாலத்து வெடிபொருள் குளங்களுக்குள் இன்னும் கிடக்கிறது.

ஆகாயத்தாமரைக்குத் தனிக் காலம். மண் வேலைக்கு ஆடி ஆவணி என்றால், இதற்குத் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும் பங்குனி சித்திரை. அடர்ந்து மூடிய குளத்தில் ஒரு பரப்பிலிருந்தே (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஆறேழு தொன் வரும், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். எடுத்ததை உடனே ஏற்றினால் தண்ணீருக்குத்தான் ட்ராக்டர் கூலி கொடுக்கிறோம். கரையில் இரண்டு மூன்று நாள் வடியவிட்டு ஏற்றினால் லோட் பாதியாகக் குறையும். ஆனால் கரை என்பது மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாத இடமாக இருக்க வேண்டும். வான் மட்டத்துக்குக் கீழே குவித்தால் கார்த்திகையில் மிதந்து திரும்பவும் உள்ளே வந்துவிடும்.

காற்றை வேலைக்காரனாக வைத்துக்கொள்ளலாம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்கினால் மிதப்பதெல்லாம் வடகரைக்குத் தானாக வந்து ஒதுங்கும். நைலோன் கயிற்றில் ஆறடிக்கு ஒரு வெறும் கான் கட்டிக் குளத்துக்குக் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து மெதுவாக நடந்தால் பாயைச் சுருட்டுவது போல ஒரு மூலைக்குக் கொண்டுவரலாம். கரையில் நிற்பவர் கொக்கத்தடியாலும் விறாண்டியாலும் இழுத்துப் போடுவார். கத்தியால் கொத்த வேண்டாம். ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும். பூக்க முதல் எடுப்பதுதான் முக்கியம், விதை சேற்றுக்குள் 15, 20 வருடம் உயிரோடு கிடக்கும். முதல் மழையில் ஒரு அடித் தண்ணீர் நிற்கும்போது அந்த விதைகள் பச்சைப் பொட்டுப் போல முளைத்து வரும். அப்போது இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பத்துப் பேர் இறங்கிப் பிடுங்கினால் போதும். அதை விட்டால் தைக்குள் குளம் மூடிவிடும். இலங்கையில் 1909 இலேயே இந்தச் செடிக்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். செடி சட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சம்புப் புல்லைப் பிடுங்கி மாள முடியாது. கோடை முடியும் தறுவாயில் தரையோடு வெட்டிவிட்டால், மழைத் தண்ணீர் வெட்டின அடியை மூடி நின்று, கிழங்குக்குப் போகும் காற்றை அடைத்து அழுகப் பண்ணும். வெட்டினபிறகு மழை பிந்தினால் துளிர்த்துவிடும், திரும்பவும் வெட்ட வேண்டும். களைநாசினி அடிப்போம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நம் நிலம் சுண்ணாம்புக் கல். குளத்தில் ஊற்றுவது கிணற்றுக்குப் போகும், அவ்வளவுதான்.

நீர்மட்டத்தை உயர்த்த வானில் பலகை வைப்பது தொழில்நுட்பத்தை விட அரசியல் கூடிய வேலை. வயல்காரருக்கு ஒரு பலகை கூட வேண்டும், அலைகரையில் வீடு கட்டினவருக்கு ஒரு பலகை குறைய வேண்டும், இரவில் ஆரோ ஒருவர் கழற்றிவிடுவார். 2024 நவம்பர் வெள்ளம் நின்ற கறை சுவர்களில் இன்னும் இருந்ததால் மட்டத்தை முடிவுகட்டுவது சுலபமாயிற்று: தாழ்ந்த வீட்டு வாசற்படிக்கு இரண்டடி கீழே. அதைத் திணைக்கள உத்தியோகத்தர் முன்னிலையில் வான் சுவரில் சிவப்புப் பெயின்றால் கீறி, கமக்காரர் அமைப்பின் கூட்டப் புத்தகத்திலும் எழுதுவித்தோம். இரண்டங்குலத் தடிப்பு, ஆறங்குல உயரப் பலகை. முதிரை கிடைத்தால் நல்லது, வேம்பு உக்கிவிடும். பலகை இறங்கும் தவாளிப்பில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினால் ஒழுக்கு நிற்கும். மேலே குறுக்கே இரும்புப் பட்டம், பூட்டு, திறப்பு இரண்டு பேரிடம். திறக்கும்போது ஒவ்வொரு பலகையாக எடுங்கள். ஒரு நாளில் ஒரு அடிக்கு மேல் இறக்கினால் நனைந்த கட்டு உள்பக்கமாகச் சரியும், கீழேயுள்ள மதகும் தாங்காது.

கிழக்குக் கரை வீட்டுக்காரர் சிலர் சொந்தமாகப் படி கட்டி, கதியால் வேலியையும் ஒதுக்கு நிலத்துக்குள் இறக்கியிருந்தார்கள். வேலிக் கதையை ஊருக்குள் பேசினால் சாதி, சண்டை, வழக்கு என்று போகும். எல்லைக்கல் போடுவதைத் திணைக்களத்திடமே விட்டோம். படிகளை இடிக்கச் சொல்லவில்லை. கட்டின் மேல் வைத்த படி இருக்கலாம், கட்டை வெட்டி இறக்கிய படி கூடாது என்றோம். கொங்கிறீற்றும் மண்ணும் சேரும் இடைவெளியால்தான் தண்ணீர் ஊறத் தொடங்கும். முதலில் ஈரம், பிறகு நூல் போல ஒழுக்கு, ஒரு பெருமழையில் கட்டே போகும். கட்டுக்குள்ளால் மோட்டார்க் குழாய் விடுவதும் அதே ஆபத்து.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வள்ளம் கட்டக் கொங்கிறீற்றுத் தூண் மேடை வேண்டும் என்றார். மார்கழிக்கும் ஆவணிக்கும் இடையில் ஏழடி ஏறி இறங்கும் தண்ணீரில் தூண் மேடை ஒரு காலம் மூழ்கும், ஒரு காலம் தரையில் நிற்கும். மிதவைக்கு உடன்பட்டார். 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் நாலு, மூடியை இறுக்கி, மரச்சட்டத்தின் நாலு மூலையிலும் பட்டியால் கட்டினால் ஏறக்குறைய 750 கிலோ தாங்கும். சட்டத்தின் எடை போக மிஞ்சுவதில் பாதியைத்தான் ஏற்றலாம், அதாவது நாலு பேர். பரலில் ஆணி அடிக்க வேண்டாம். இரண்டு ஜீ.ஐ. குழாயை அடியில் இறக்கி, தளர்வான வளையத்தில் கொழுவினால் தண்ணீரோடு தானே ஏறி இறங்கும். களை எடுக்கவும் அந்த மிதவையையே இரவல் வாங்குகிறோம்.

கடல்நீரேரிக் கரையில் துறை கட்ட நினைப்பவர்களுக்கு இது எதுவும் உதவாது. அங்கே 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டம், கரையோரம் பேணல் திணைக்களம், கரைக்கு உள்ளேயும் குறிப்பிட்ட தூரம் வரை அவர்களின் அனுமதி வேண்டும்.

சிரமதானத்துக்கு ஆள் இறக்க முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கேளுங்கள். 2024 டிசெம்பரில் இங்கே அந்தக் காய்ச்சலில் உயிர்கள் போயின. காலில் புண் உள்ளவரை இறக்க வேண்டாம், எத்தனை வீரம் பேசினாலும். குளத்தடியில் உடைந்த போத்தல் நிறைய இருக்கும், நீளப் பூட்ஸ் இல்லாதவர்களைக் கரை வேலைக்கு விடுங்கள்.